குமரன் கல்யாண வெப்சைட்

கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் மறுநாளே பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்; கல்யாணத்துக்கு வெப்சைட் போட்டவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குழந்தை பிறந்து, மொட்டை அடித்து, காது குத்துகிற வரைக்கும் "அந்த வெப்சைட்ல இதையும் கொஞ்சம் சேர்த்துடும்மா" என்று வந்துகொண்டே இருப்பார்கள்.

பிரவுசிங் சென்டர் வைத்து வயிற்றெரிச்சல் பட்ட சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பெயர் ஜெசிந்தா. வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. 2003-ல் வடக்குத்து மெயின் ரோட்டில், நெய்வேலி டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம், மூன்று கம்ப்யூட்டரோடு கடை போட்டேன். கரன்ட் இருந்தால் லைன் இருக்காது, லைன் இருந்தால் கரன்ட் இருக்காது. இரண்டும் இருந்தால் கஸ்டமர் இருக்க மாட்டார். ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், பயோடேட்டா அடிக்க வருகிறவர்கள், அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு முறுக்கு பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு ஈமெயில் அனுப்ப வருகிறவர்கள், இவர்களை வைத்துத்தான் காலம் ஓடியது. அப்போதுதான் ராமலிங்கம் சார் வந்தார்.

எத்தனை காப்பி?

ராமலிங்கம் சார் மைன்ஸில் ஃபோர்மன். முதல் ஷிப்ட் முடிந்து, காலில் பூட்ஸோடு, சட்டையில் கரித்தூளோடு நேராகக் கடைக்குள் வந்து நின்றார். ரிட்டயர் ஆக இன்னும் அஞ்சு மாதம். அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அதற்குள் பையன் குமரனுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று முடிவு பண்ணியிருந்தார். பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. "கல்யாணத்துக்குன்னு தனியா ஒரு வெப்சைட் போட்டுடுங்கப்பா, எல்லாரும் பாத்துக்குவாங்க" என்று போனில் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். எங்கே போடுவது, யார் போடுவது என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அதுவரை நான் ஒரு வெப்சைட்டும் செய்ததில்லை. கம்ப்யூட்டர் கோர்ஸில் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. ஆனால் வந்த கிராக்கியை விட எனக்கு என்ன பைத்தியமா? "அதுக்கென்ன சார், பிரமாதமா செஞ்சுடலாம்" என்று அடித்துவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எத்தனை காப்பி போடுவீர்கள் என்று கேட்டார். காப்பியெல்லாம் கிடையாது, ஒன்றுதான் என்றேன். மனுஷன் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஒண்ணே ஒண்ணா? அதை எல்லாரும் எப்படிம்மா கை மாத்திக் கை மாத்திப் படிப்பாங்க?"

நாலு மூலை

ஒரு வாரத்தில் முதல் பக்கம் தயார். மாப்பிள்ளை படம், பொண்ணு படம், தேதி, நேரம், மண்டபம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, பார்க்கக் கண்ணியமாக இருந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சார் தன் வீட்டுக்காரம்மா தனலட்சுமியை ஸ்கூட்டரில் அழைத்துவந்து காட்டினார். அந்தம்மாவுக்குச் சொந்த ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். நெய்வேலியில் முப்பது வருஷம் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவே இல்லை.

அந்தம்மா ஸ்கிரீனை மேலும் கீழும் பார்த்தார். நாலு மூலையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தும் பார்த்தார். "மஞ்சள் எங்கேடி?" என்றார். கம்ப்யூட்டரில் மஞ்சள் தடவ முடியாதும்மா என்றேன். அப்படியென்றால் அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். நான் அவசர அவசரமாக நாலு மூலையிலும் மஞ்சள் வண்ணத்தை இழுத்துவிட்டு, நடுவில் ஒரு பிள்ளையாரையும் உட்கார வைத்தேன். கிறிஸ்தவச்சி போட்ட பிள்ளையார் என்றாலும் தும்பிக்கையெல்லாம் சரியாகவே வந்திருந்தார். அந்தம்மா திரும்பி உட்கார்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்பதான் பத்திரிகை மாதிரி கீது. முன்னாடி பார்த்தப்ப கருமாதிக் கார்டு மாதிரி இருந்துச்சு."

பக்கத்து வீட்டு ரோசி

எல்லாம் சரி என்றதும் சார் கிளம்பிவிட்டார். தனலட்சுமியம்மா மட்டும் கிளம்பவில்லை. "இதுல ஆளைத் தேட முடியுமா?" என்று கேட்டார். யாரைத் தேடணும் என்றேன். அப்படியே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

குமரன் பிறந்து இருபதாம் நாள் அந்தம்மாவுக்கு மஞ்சள் காமாலை. பிழைப்பதே கஷ்டம் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். மூணு மாசம் அங்கேயே கிடந்தார். அப்போது ஒன்பதாம் பிளாக்கில் இருபத்தொன்றாம் நம்பர் குவார்ட்டர்ஸ் இவர்களுடையது. பக்கத்து இருபத்திரண்டில் ரோசி மேரி. ரோசிக்குக் கைக்குழந்தை ஒன்று, எட்டு மாதப் பெண். அந்த மூணு மாசமும் ரோசிதான் குமரனுக்குப் பால் கொடுத்தாள். ஒரு பக்கம் தன் பெண், ஒரு பக்கம் இந்தப் பையன். தனலட்சுமியம்மா திரும்பி வந்தபோது குழந்தை பெற்றவளிடம் வர மாட்டேன் என்று ரோசி தோளைக் கட்டிக்கொண்டு அழுததாம். குமரன் எட்டாவது படிக்கும்போது ரோசியின் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி, ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் லெட்டர் வந்தது. அப்புறம் சாருக்குப் பிரமோஷன் வந்து இவர்களும் வேறு பிளாக்குக்கு மாறிவிட்டார்கள்; சாமான் மாற்றியதில் ரோசியின் விலாசம் இருந்த பழைய லெட்டரெல்லாம் தொலைந்துபோயிற்று. ரோசி எழுதிய லெட்டர்கள் யார் வீட்டுக்குப் போனதோ! பதினஞ்சு வருஷம் ஓடிவிட்டது. இந்தக் கல்யாணம் முடிந்தால் இவர்களும் நெய்வேலியை விட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் தேடி வந்தாலும் ரோசிக்கு இவர்கள் கிடைக்க மாட்டார்கள். அதுதான் அந்தம்மாவின் பயம்.

கடையில் சாட்டிங் பண்ணிக்கொண்டிருந்த காலேஜ் பெண்கூட கையை எடுத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

"என் புள்ளைக்கு மொத நலுங்கு அவ கையாலதான் வெக்கணும். காணாமப் போனதைத் தேடிக் குடுக்கற உங்க அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து, அப்படியே உன் பொட்டியிலயும் தேடு."

கம்ப்யூட்டர்ல சாப்பாடு

வெப்சைட்டை ஊருக்குத் திறந்துவிட்ட நாலாம் நாள் ராமலிங்கம் சாரின் அக்கா குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். அவர் பேத்தி கடலூர் காலேஜில் எங்கேயோ வெப்சைட்டைப் பார்த்துவிட்டு "மாமா கல்யாணம் நெட்ல வந்துடுச்சு ஆயா" என்று சொல்லியிருக்கிறாள். நேரில் வந்து தட்டு வைத்து இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. சண்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போகாமல் ஏன் என்னிடம் வந்தார் என்று கேட்காதீர்கள். தம்பி ஷிப்டில் இருந்தார், நான் கையில் கிடைத்தேன்.

நம் ஊரில் கூப்பிடுவது என்றால் சும்மாவா? தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வந்து, உட்கார்ந்து, காபி குடித்து, "அவசியம் வந்துடணும், நீங்கதான் முன்னே நின்னு நடத்தணும்" என்று சொன்னால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. தபாலில் வந்தால் அரை அழைப்பு. போனில் சொன்னால் கால். வெப்சைட்டில் பார்த்தால் அவமானம். இது நேரில் வர முடியாத வெளிநாட்டுக்காரர்களுக்கும் பழைய சிநேகிதர்களுக்கும் மட்டும்தான், உங்களுக்குத் தட்டு தனியாக வரும் என்று நான் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொன்னேன். அந்தம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பை டக்கென்று வைத்தார்.

"கம்ப்யூட்டர்லயே கூப்பிட்டவன் கம்ப்யூட்டர்லயே பந்தி போடுவானா? கேட்டு வையி, எலை எடுத்துகினு வரேன்."

ஷிப்ட் பஸ் திரும்புகிற இடம்

கல்யாணம் எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை ஊரில். மண்டபம் வடக்குத்தில், திறந்து ஆறு மாதம்கூட ஆகாத புது மண்டபம். வழி போட வேண்டுமே என்று சாரிடம் கேட்டேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொன்னார்: "முதல் ஷிப்ட் பஸ் திரும்புற இடத்துல எறங்கி, டாங்க் பக்கமா வந்து, பழைய கான்ட்ராக்ட் ஆபீஸ் இருந்த எடத்துக்கு எதிரே." எனக்கு எல்லாம் புரிந்தது. நானும் இதே ஊரில் குப்பை கொட்டுகிறவள்தானே! அப்படியே அடித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் ஈரோட்டிலிருந்து பெண்ணின் அப்பா கடைக்குப் போன் பண்ணினார். அவர் சொந்தக்காரர்கள் இருபது பேர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு விழிக்கிறார்களாம். முதல் ஷிப்ட் பஸ் எங்கே திரும்பும், எத்தனை மணிக்குத் திரும்பும், அது திரும்பாத நேரத்தில் வந்தால் என்ன செய்வது? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை போனேன். ஒவ்வொரு திருப்பத்தையும் பேப்பரில் வரைந்து, ஸ்கேன் பண்ணி மேப்பாக ஏற்றினேன். அந்த மேப்தான் பிறகு பெரிய காரியம் பண்ணியது. அதனால் என்னைத் திருத்திய அந்த மனுஷருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அவர் கேட்ட கேள்வி சுருக்கென்று இருந்தாலும்.

"ஏனுங்கம்மா, உங்கூருக்குக் கல்யாணத்துக்கு வரோணும்னா நாங்க மொதல்ல மைன்ஸ்ல வேலைக்குச் சேரோணுமுங்களா?"

பெயர் இல்லாதவர்கள்

வெப்சைட்டில் கடைசிப் பக்கம் கெஸ்ட் புக். பார்க்கிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம். அதன் தலைப்பில், ரோசிக்காகவே, "ஒன்பதாம் பிளாக் பழைய ஆட்களே, எங்கே இருக்கிறீர்கள்?" என்று போட்டேன். குமரன் தன் ஸ்கூல் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்ப, அவர்கள் அடுத்தவர்களுக்கு அனுப்ப, வந்து குவிந்தது பாருங்கள்! ரிட்டயர் ஆனவர்கள் எங்கே நெட் பார்த்தார்கள், அவர்களின் பிள்ளைகள் பார்த்து வீட்டில் சொன்னார்கள். மதுரை, சேலம், துபாய், சிங்கப்பூர் என்று எங்கிருந்தெல்லாமோ ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினார்கள்.

ஆனால் நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு வியாதி. யாரென்று கேட்டால் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் சொல்வார்கள். "ஒன்பதாம் பிளாக் 8, வாழ்த்துகள்." "ஒன்பதாம் பிளாக் 31, தெர்மல் அப்பா, கட்டாயம் வருகிறோம்." அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை என்று அர்த்தம். ஒரே குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று குடும்பம் வாழ்த்து அனுப்பியது. யார் எந்த வருஷம் இருந்தவர் என்று சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, முகம் மலர்ந்து, சில பேரைக் கண்டுபிடித்தார். மீதியை எழுதியவர்கள் வந்தால்தான் தெரியும் என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை திறந்து பார்க்கிறேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒன்பதாம் பிளாக் 22. நாங்கள் கல்யாணத்துக்கு வருகிறோம். வாசல் பலாமரம் இன்னும் காய்க்கிறதா?" உடனே சார் வீட்டுக்குப் போன் அடித்தேன். தனலட்சுமியம்மா அரை மணி நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தூக்கில் சுடச்சுடக் கேசரி. எனக்கு ஊட்டினார், கஸ்டமருக்கெல்லாம் கொடுத்தார், வாசலில் பூ விற்கிற அம்மாவைக் கூப்பிட்டும் கொடுத்தார்.

"அவளேதான்! அந்தப் பலாமரம் அவ நட்டதுடி, என் கண்ணு முன்னாடி நட்டது!"

போனில் வந்த குரல்

அந்த இருபத்திரண்டின் வாழ்த்தில் ஒரு ஈமெயில் விலாசம் இருந்தது. எழுதினேன். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பையன் பதில் போட்டான். அம்மா சேலத்தில் இருக்கிறார், இது நம்பர் என்று. ரோசிக்குப் பையன் இருந்ததாக அந்தம்மா சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு நெருடல். ஆனால் அவர் இருந்த சந்தோஷத்தில் என் நெருடலைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் தப்புதான். கடையிலிருந்தே போன் போட்டோம். எடுத்ததும் எடுக்காததுமாக அந்தம்மா "ரோசீ! நான் தனம்டி!" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து "நான் விஜயாங்க" என்று குரல் வந்தது.

விஜயா என்பவர் ரோசி காலி செய்து, இவர்களும் பிளாக் மாறிப் போனபின் அதே இருபத்திரண்டுக்குக் குடிவந்தவர். அவர் பையனும் குமரன் படித்த ஸ்கூல்தானாம். அவருக்கும் அது "எங்க வீடு"தான், அந்தப் பலாமரம் "எங்க பலாமரம்"தான். தனலட்சுமியம்மா கையிலிருந்து ரிசீவர் நழுவிவிட்டது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ரிசீவரை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். விஜயா ஒன்று சொன்னார் பாருங்கள்! குடிவந்த புதிதில் ரோசி மேரி பெயருக்கு லெட்டர் வந்துகொண்டே இருந்ததாம். பரிதாபப்பட்டு, ரோசியின் ஊர் விலாசத்தை விசாரித்து வாங்கி, வருகிற லெட்டரையெல்லாம் ரெண்டு வருஷம் அவர்தான் திருப்பி அனுப்பினாராம். பேப்பரில் எழுதினால் தொலைந்துவிடும் என்று விலாசத்தைச் சமையல்கட்டு அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தாராம். எனக்கு அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வைக்கும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"நான் ரோசி இல்லைங்க, இருந்தாலும் கல்யாணத்துக்கு வரலாமில்லே?"

அலமாரிக் கதவு

அம்மாவை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நேரே ஒன்பதாம் பிளாக்குக்கு விட்டேன். வழியெல்லாம் "அழிச்சிருப்பாங்கடி, பெயின்ட் அடிச்சிருப்பாங்கடி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே வந்தார். வண்டி எப்படிக் கவிழாமல் போய்ச் சேர்ந்தது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். இருபத்திரண்டில் இப்போது இருப்பது ஒரு டிரைவர் குடும்பம். அந்த வீட்டுக்காரம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ரெண்டு பொம்பளைகள் வந்து "உங்க அலமாரிக் கதவைத் திறந்து காட்டுங்க" என்றால் எப்படி இருக்கும்? அவர் கையிலிருந்த தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றுவிட்டார்.

விவரம் சொன்னதும் உள்ளே விட்டார். கதவின் வெளிப்பக்கம் பளபளவென்று பெயின்ட். உள்பக்கம் யாரும் கை வைக்கவில்லை. முப்பது வருஷமாகக் குடியிருந்தவர்கள் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. கேஸ் வந்த தேதி, பால்காரர் வராத நாள், யாரோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை வேளை என்பது. அதற்கு நடுவில், நீல இங்கியில், மணப்பாறைப் பக்கத்தில் ஒரு கிராமத்து விலாசம், ரோசியின் தம்பி பெயர் போட்டு. தனலட்சுமியம்மா அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எழுதிக்கொள்ளப் பேப்பர் கொடுக்க வேண்டுமே என்று அந்த வீட்டுக்காரம்மா ஓடினார். கருகுகிற தோசையை யாரும் கவனிக்கவில்லை.

"நல்ல வேளை அக்கா, இந்தக் கதவையே கழட்டிட்டுப் புதுசு போடச் சொல்லி எழுதிக் குடுத்திருந்தேன், இன்னும் ஆள் வரலை!"

ஆள் இல்லாத வீடு

சார் லீவு போட்டார். ரிட்டயர் ஆகப் போகிறவர் லீவைச் சேர்த்து வைத்திருந்தார், கொடுத்துவிட்டார்கள். விடியக் கிளம்பி, தட்டு, பழம், வெற்றிலை, புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு, திருச்சி போய் அங்கிருந்து மணப்பாறை பஸ் பிடித்துப் போனார்கள். சாயங்காலமே திரும்பி, என் கடை வழியாக வந்தார்கள். தூரத்திலேயே நடையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

வீடு கிடைத்தது. ரோசி இல்லை. வீட்டுக்காரர் காலமான பிறகு கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கிறாராம். தம்பியின் மனைவி மட்டும்தான் இருந்தார். அவரிடம் போன் நம்பர்கூட இல்லை. ரோசியின் மகள்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவாளாம். வருகிற ஞாயிறு சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். கல்யாணமோ அடுத்த புதன்கிழமை. கோயம்புத்தூரில் எந்தத் தெரு, எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. சார் வெப்சைட் விலாசத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அந்த மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தார்.

சார் சமாளித்துக்கொண்டார். அந்தம்மாவுக்குத்தான் ஆறவில்லை. ரோசி ரோஷக்காரி. அவள் வீட்டுப் படியேறிக் கூப்பிடாமல், யாரோ போனில் சொன்ன கல்யாணத்துக்கு வருவாளா? பால் கொடுத்தவளை மூன்றாம் மனுஷி மாதிரி வேறொருத்தி வாய்வழியாகக் கூப்பிட்டால் என்ன நினைப்பாள்? ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. கெஸ்ட் புக்கை ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஆள் இல்லாத வூட்டுல தட்டை நீட்டிட்டு வந்துட்டேன் ஜெசிந்தா. எந்த மூஞ்சிய வெச்சுகினு அவ வருவா?"

முதல் நலுங்கு

புதன்கிழமை காலை மண்டபத்தில் வரவேற்பு மேசையில் நின்றேன். வெப்சைட் பார்த்து வந்தவர்களை நீதான் அடையாளம் தெரிந்து கூப்பிட வேண்டும் என்று அந்தம்மா உத்தரவு. சேலம் விஜயா வந்தார். எட்டாம் நம்பர் வந்தது. தெர்மல் அப்பாவும் வந்தார். பதினஞ்சு, இருபது வருஷம் கழித்துப் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார்கள். சாரின் அக்காவும் வந்துவிட்டார், நல்ல வேளையாக இலை எடுத்து வரவில்லை. உள்ளே ஐயர் நேரம் ஆகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு நலுங்கு வைக்க எல்லாரும் சுற்றி நின்றார்கள். தனலட்சுமியம்மா மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யார் கையிலும் கொடுக்காமல், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் ஷிப்ட் பஸ்ஸெல்லாம் போய் முடிந்த நேரம். வயதான ஒரு அம்மா, வெள்ளையில் நீலக் கரை போட்ட புடவை, கூட முப்பது வயதுப் பெண். கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தாள், நான் கையால் வரைந்த மேப். பன்னீர் தெளிக்கப் போன என் கையை அந்த அம்மா தள்ளிவிட்டார். "தனம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உள்ளே போய்விட்டார். நானும் மேசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

தனலட்சுமியம்மா பார்த்தார். கிண்ணத்தோடு ஓடிவந்தார். "ரோசி... உன் வூடு தேடி வந்தேன்டி, நீ இல்லை. உன்னை நேர்ல கூப்பிடலைடி. கையில தட்டு குடுத்து ஒரு வார்த்தை கூப்பிடலை. மன்னிச்சுக்கடி" என்று தேம்பினார். மணையில் உட்கார்ந்திருந்த குமரன், அமெரிக்காக்காரன், வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். ரோசி அந்தம்மாவின் கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"எம் புள்ளை கல்யாணத்துக்கு என்னை எதுக்குடி நீ கூப்பிடணும்?"

ஊர் உலகத்தையெல்லாம் கூப்பிட ஒரு வெப்சைட் செய்தேன். கூப்பிடவே தேவையில்லாத ஒருத்தருக்கு நாளும் நேரமும் வழியும் சொன்னதுதான் அது செய்த உருப்படியான வேலை, அந்த ஒன்றுக்காகவே குழந்தையின் காதுகுத்துப் படங்கள் வரை முகம் சுளிக்காமல் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.